நெல்லிவளவில் அப்படி யாரும் இல்லை

மூன்று நாளாக இசைவாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்து போய் போனைப் பார்க்கத் தோன்றியது. பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த நேரத்துக்குள் அழைப்பு வந்திருக்குமோ என்று தோன்றியது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மெஹ்ராஜ் பேகத்தின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த அவளுடைய ஒற்றை அறைக்கு நீளம் பதினோரு அடி. அதில் நடக்கிறவள் நான்கு எட்டுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். அவள் திரும்பிக்கொண்டே இருந்தாள்.

"நடந்து நடந்து தரையத் தேச்சிடாத இசை. வாடகைக்கு வுட்டுக்கிறேன், எழுதித் தரல" என்றாள் மெஹ்ராஜ், கடையில் இருந்தபடியே.

வந்த வம்பு இதுதான். இசைவாணி சீயக்காய்த்தூள் விற்கிறவள். கல்வராயன் மலையில் கிடைக்கிற சீயக்காயை நெல்லிவளவு என்ற சிற்றூரில் நான்கு பெண்கள் காயவைத்து, இடித்து, சலித்துப் பொட்டலம் போடுவார்கள். அவள் அதை ஒரு ஆன்லைன் கம்பெனியின் ஆப்பில் 'மலைவாசம்' என்ற பேரில் விற்பாள். கோயம்புத்தூரில் வாங்கினார்கள், பெங்களூரில் வாங்கினார்கள். வாங்கியவர் எவருக்கும் விற்கிறவள் யாரென்று தெரியாது. இரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது சீயக்காய் என்றால், அவளைத் தூங்கவிட்டது அந்தத் தெரியாமைதான்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சட்டப்படி இனி ஒவ்வொரு பொருளுக்கும் கீழே விற்கிறவரின் உண்மையான பெயர், முழு முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் தெரிய வேண்டும். முகவரி நிஜம்தானா என்று ஆள் நேரில் வந்து பார்ப்பார். போர்டு மாட்டியிருக்க வேண்டும். விற்கிறவர் ஆதார் கார்டோடு அங்கே நிற்க வேண்டும். போர்டோடு சேர்த்துப் போட்டோ எடுப்பார்கள். முப்பதாம் தேதிக்குள் இதெல்லாம் முடியாவிட்டால் கடை மூடப்படும்.

"நல்ல சட்டந்தான்" என்றாள் மெஹ்ராஜ், கடிதத்தைப் படித்துச் சொல்லிவிட்டு. "எங்க மாமி போன வருஷம் மிக்ஸி வாங்குனாங்க. பிரிச்சா உள்ள செங்கல்லு. யாரப் போயிக் கேக்கறது? பேரும் இல்ல, ஊரும் இல்ல."

"நான் செங்கல்லு விக்கலியேக்கா."

"சட்டத்துக்கு அது எப்டித் தெரியும்?"

சட்டத்துக்குத் தெரியாதது இன்னொன்றும் இருந்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் தீனதயாளன் என்று ஒருவன் இருந்தான், அவளுடைய புருஷன். பேருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். சிரித்த முகம், தாழ்ந்த குரல், எதிரே வருகிற குழந்தைக்கெல்லாம் மிட்டாய். வீட்டுக்குள் வந்ததும் பைக் சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுற்ற ஆரம்பிப்பான். சுற்றுகிறவரை பேச மாட்டான். சுற்றுவது நின்றால் அடி விழும். ஏழு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தாள். இடது மணிக்கட்டு ஒருமுறை முறிந்து, கோணலாகச் சேர்ந்தது. ஒரு நாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் மாற்றுப் புடவைகூட எடுக்காமல் இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் கிளம்பத் தயாராக நின்றது கள்ளக்குறிச்சி வண்டி. ஓடுகிறவள் இன்னும் தூரமாக ஓடியிருக்கக் கூடாதா என்று கேட்கிறவர்கள், ஓடிப் பார்த்தவர்கள் இல்லை.

"எங்க போனாலும் மூணு வருசத்துல கூட்டியாந்து நிறுத்தறேன்" என்று அவன் மாமன் வீட்டில் சபதம் போட்டதாகக் கேள்வி. மூன்றாவது வருஷம் இப்போது ஓடிக்கொண்டிருந்தது.

மெஹ்ராஜ் கடையைப் பூட்டும்போது சாவிக்கொத்தைக் குலுங்க விடாமல் கைக்குள் பொத்திக்கொள்வாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. குடிவந்த புதிதில் சாவி குலுங்கியபோது இசைவாணியின் முகம் போன போக்கை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

"உங்க பேர்ல போட்டுக்கலாமேக்கா" என்று இசைவாணி கெஞ்சிப் பார்த்தாள்.

"பேங்க் கணக்கு உன்னுது, பான் கார்டு உன்னுது, கடை மட்டும் என்னுதா? நாளைக்குப் பொய்யின்னு தெரிஞ்சா மொத்தமா இழுத்து மூடிடுவான். பேரு உன்னுதுதான் போடணும். ஆனா நீ இருக்கற வூட்டு அட்ரஸ் எதுக்கு? சரக்கு எங்க ஆவுது? நெல்லிவளவுல. அதக் குடு. அது பொய்யும் இல்ல."

பொய் இல்லைதான். வெள்ளிமலையைத் தாண்டி நாலு கிலோமீட்டர், பெரியம்மாள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகை. சீயக்காய் இடிக்கிற நான்கு பெண்களுக்கும் பெரியம்மாள்தான் தலைவி. அந்த முகவரியைக் கொடுத்த மறுநாளே, ஆப்பில் எல்லாப் பொட்டலத்துக்கும் கீழே எழுத்து வந்துவிட்டது: வெ. இசைவாணி, நெல்லிவளவு, கல்வராயன் மலை. அதைப் பார்த்தபோது நடுத்தெருவில் பாயை விரித்துத் தூங்கச் சொன்னது போல இருந்தது அவளுக்கு.

பிறகு இன்னொரு செய்தி வந்தது. திங்கள் முதல் புதனுக்குள் ஏதாவது ஒரு நாள் ஆள் வருவார், வருவதற்கு முன் போன் செய்வார். நெல்லிவளவில் போன் எடுக்காது. ஊருக்கு மேலே பத்து நிமிஷம் ஏறினால் ஒரு பாறை, அதன் உச்சியில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் வரும். திங்கட்கிழமை இசைவாணி போர்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மலையேறி, அந்தப் பாறைமேல் பகல் முழுக்கக் குந்தியிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை கூரியர் வண்டி வருகிற நாள். பார்சலை அனுப்பாவிட்டால் அதற்கொரு அபராதம். கள்ளக்குறிச்சியில் இருந்தாக வேண்டும். இருந்தாள். போன் அன்றும் வாய் திறக்கவில்லை. செய்தியில் இருந்த நம்பருக்கு அவளே நாலு தரம் அடித்தாள், எடுப்பார் இல்லை.

புதன்கிழமை மறுபடி போர்டோடு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வண்டி வளைவு வளைவாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வருகிற பைக்குகளை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கிழவர், "வாந்தி வருதாம்மா, எலுமிச்சம்பழம் வெச்சிக்கிறேன்" என்றார். வாங்கிக்கொண்டாள். வாந்தி வரவில்லை என்று விளக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நெல்லிவளவு போய்ச் சேர மணி பத்து. கொட்டகை வாசலில் பெரியம்மாளும் பாரதியும் மாற்றி மாற்றி உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற இருவர் உள்ளே சலித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பெரியம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"நேத்து உன்னத் தேடிக்கினு ஒருத்தன் வந்தான் கண்ணு. பைக்ல. பேரச் சொல்லிக் கேட்டான். இசைவாணியா, அப்டி யாரும் இங்க இல்லீங்கன்னு அனுப்பிட்டோம். ஊர்ல ஒருத்தரு வாய் தொறக்கல."

இசைவாணிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது.

அந்த ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. பல வருஷத்துக்கு முன் ஜீப்பில் வந்தவர்கள் ஒரு காகிதத்தைப் பார்த்து ஒரு பேரைச் சொல்லிக் கேட்டார்கள். காட்டில் மரம் வெட்டிய கேஸ். யாரோ வெள்ளந்தியாக வீட்டைக் கை காட்டிவிட்டார்கள். பேர் ஒன்றுதான், ஆள் வேறு. அவர்கள் கூட்டிப்போன ஆள் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது. வரும்போது அவன் அப்பா உயிரோடில்லை. அன்றிலிருந்து நெல்லிவளவில் ஒரு வழக்கம். வெளியாள் வந்து பேர் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை. கேட்கிறவர் கலெக்டராக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவராக இருந்தாலும் சரி. ஒருமுறை தபால்காரர் லீவில் போய், பதிலுக்கு வந்தவர் ஒரு கட்டுக் கடிதத்தை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார். இதெல்லாம் இசைவாணிக்குத் தெரியும். தெரிந்தும், வருகிற ஆளைப் பற்றி முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. போர்டு மாட்டும் நாளில் தானே இருப்போம் என்று நினைத்துவிட்டாள். தன் தப்பு என்று தெரிந்தால்தான் மனுஷருக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும்.

"அவரு கம்பெனி ஆளுக்கா. என் கடை அட்ரஸ் நெசமான்னு பாக்க வந்த ஆளு. நீங்க இல்லன்னு சொன்னா, பொய் அட்ரஸ்னு எழுதிக்கினு போயிடுவாரு. கடைய மூடிடுவாங்க. எனக்கும் சோறு இல்ல, உங்களுக்கும் இல்ல."

"எங்களுக்கு எப்டிம்மா தெரியும்" என்று பாரதி ஆரம்பித்தாள்.

"ஒரு நாளாவது உண்மையப் பேசுவீங்களா இந்த ஊர்ல? வாயத் தொறந்தா பொய்யிதான் வரும் உங்களுக்கு."

சொல்லி முடித்ததும், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. பெரியம்மாள் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறிச்சென்று ஆனது. அவள் முறத்தை எடுத்து, புடைக்க ஒன்றுமில்லாத தூளைப் புடைத்தாள். இசைவாணி மன்னிப்புக் கேட்க நிற்கவில்லை. பாறையை நோக்கி ஓடினாள்.

மூச்சு வாங்க உச்சியில் நின்று அந்த நம்பருக்கு அடித்தாள். இந்த முறை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல்.

"மலைவாசமா? நான் அபிநயா பேசறேங்க, அட்ரஸ் வெரிபிகேசன். சாரிங்க, ரெண்டு நாளா சங்கராபுரம் பக்கம் மாட்டிக்கினேன். போன் தண்ணில வுழுந்து இப்பதான் சரியாச்சி. வெள்ளிமலைல டீ குடிச்சிக்கினு இருக்கேன். அரை மணி நேரத்துல வந்துடறேன், இருப்பீங்க இல்ல?"

"நேத்து வந்தது நீங்க இல்லியா?"

"நேத்தா? நான் மலைக்கு வர்றதே இன்னிக்குதான்."

"வேற யாராவது உங்க ஆபீஸ்ல..."

"இந்த ஏரியாவுக்கு நான் ஒருத்திதாங்க."

போன் கையில் இருக்க, இசைவாணி பாறையிலேயே நின்றாள். கீழே நெல்லிவளவின் ஓடுகள் தெரிந்தன. அதைத் தாண்டி ரோடு தெரிந்தது. மலைக்கு வர ஒரு ரோடு, போகவும் அதே ரோடு.

இறங்கி வந்து பெரியம்மாள் முன்னால் நின்றாள். "நேத்து வந்தவன் எப்டி இருந்தான்?"

பெரியம்மாள் தலை நிமிராமல் முறத்திடம் சொன்னாள். "நல்லாத்தான் இருந்தான். செவப்பா, சிரிச்ச மூஞ்சி. மெதுவாப் பேசினான். போன்ல நம்ம பொட்டலத்தக் காட்டி, இத விக்கிற அம்மாவ பாக்கணும், பரிசு விழுந்துக்குதுன்னான். புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்தான். இல்லன்னு சொல்லியும் போவல. இங்கதான் குந்திக்கினு சாவிக்கொத்த விரல்ல மாட்டி சுத்திக்கினே..."

அதற்குள் இசைவாணி உரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டை வலது கை தானாகப் பொத்திக்கொண்டது. பெரியம்மாள் முறத்தை வைத்துவிட்டு அந்தக் கோணல் எலும்பைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அது எப்படி வந்தது என்று அவள் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"திரும்பி வரேன்னு சொன்னானா?"

"நாளைக்கு வரேன்னான்."

நாளை என்பது இன்றுதான்.

யாரோ ஒரு சொந்தக்காரி தலைக்குத் தேய்க்கத் தூள் தேடியபோது பேரைப் பார்த்திருக்கலாம். அவனே தேடிக்கொண்டும் இருந்திருக்கலாம். எப்படியோ, ஒரே வாரத்தில் ஆப் அவனை வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தது. இசைவாணி எழுந்து கொட்டகைக்குள் போய், சீயக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு வந்தா இல்லன்னு சொல்லிடுங்கக்கா. கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேர எடுத்துடட்டும்."

பெரியம்மாள் "செரி" என்று வெளியே போனாள். இரண்டு வருஷமாகச் சேர்த்துக் கட்டியதை ஒரு சொல்லில் கைகழுவிவிட்டோம் என்பது இசைவாணிக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. அடுத்து எந்த ஊர் என்று மட்டும் மனசு கணக்குப் போட்டது.

அரை மணி நேரம் கழித்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அபிநயாவுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், முகமெல்லாம் தூசி, தோளில் லேப்டாப் பை. வாசலில் இருந்த நான்கு பேரையும் பார்த்து, "மலைவாசம் இதானுங்களா? இசைவாணி இருக்காங்களா?" என்றாள்.

"அப்டி யாரும் இங்க இல்லீங்க" என்றாள் பெரியம்மாள்.

"இப்பதான் போன்ல பேசினாங்க."

"போன்ல யாரு பேசினாங்களோ."

அபிநயா பெருமூச்சு விட்டாள். இப்படிப்பட்ட வாசல்கள் அவளுக்குப் புதிதில்லை போலும். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "செரி, ஆளு இல்லன்னே போட்டுக்கறேன். பக்கத்து வூட்டுக்காரங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணும். இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு எழுதிக்கிது. நீங்க ஒண்ணு, இந்த அக்கா ஒண்ணு போடுங்க, நான் கெளம்பறேன்."

மூட்டைக்குப் பின்னால் இசைவாணி காத்திருந்தாள். பேனா உரசும் சத்தம் வரவில்லை.

"அதான் சொல்லிட்டமே" என்றாள் பெரியம்மாள்.

"சொன்னா பத்தாதும்மா. எழுதித் தரணும்."

"எழுதித் தர மாட்டேன்."

"ஏங்க?"

"வாயில சொல்றது வேற. கையெழுத்து வேற. பொய்யிக்குக் கையெழுத்து போட மாட்டோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது பெரியம்மாளுக்கு உறைத்திருக்க வேண்டும். பாரதி 'க்கும்' என்று தொண்டையைச் செருமினாள். அபிநயா காகிதத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று ஜீப்பில் போன ஆளின் கேஸிலும் என்னவென்று தெரியாமல் யார் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஆள் அவளுடைய தம்பி.

இசைவாணி மூட்டைகளின் இடைவெளியில் அந்தக் கைகளைப் பார்த்தாள். இடித்து இடித்துக் காய்ப்பு ஏறிய கைகள். காலையில் இவர்களைப் பார்த்துத்தான் பொய்யர்கள் என்று சொன்னாள். அவமானமாக இருந்தது. இன்று இங்கிருந்து ஓடினால் இன்னோர் ஊர். அங்கும் ஒரு நாள் பேரை எழுதத்தான் வேண்டும். அந்த ஊரில் யாரோ ஒருவர் நல்ல மனசோடு வீட்டைக் கை காட்டுவார். தன்னைத் தேடிவருகிறவனிடம் ஓர் ஊரே வாய் திறக்காத இடம் வேறு எங்கே கிடைக்கும்?

எழுந்து வெளியே வந்தாள். தலை, புருவம் எல்லாம் தூள்.

"நான்தாங்க இசைவாணி" என்றாள்.

அபிநயா கோபப்படவில்லை. ஒரு வாய் தண்ணீர் கேட்டாள். குடித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். இசைவாணி மறைக்காமல் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

"அட்ரஸ மறைக்க எனக்கு அதிகாரம் இல்லக்கா. நான் பாத்தத எழுதறவ. ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன், ஆவும்னு சொல்ல மாட்டேன். மகளிர் போலீஸ்ல ஒரு மனு குடுத்து வைங்க, அந்த காப்பி இருந்தா நானும் பேசலாம்" என்றாள் அபிநயா. "போட்டோ எடுக்கட்டுமா, வேணாமா? நீங்கதான் சொல்லணும்."

"எடுங்க."

சாக்கைப் பிரித்துப் போர்டை எடுத்துக் கொட்டகை வாசலில் மாட்டினார்கள். மேலே பெரிதாக 'மலைவாசம்', கீழே 'இசைவாணி, நெல்லிவளவு'. அதன் பக்கத்தில் ஆதார் கார்டைப் பிடித்துக்கொண்டு இசைவாணி நின்றாள். போட்டோவில் அவள் கேமராவைப் பார்க்காமல் ரோட்டைத்தான் பார்த்தாள். பிறகு அபிநயா வேறொரு காகிதத்தை எடுத்தாள். இந்தப் பேரில் இன்னார் இங்கே தொழில் நடத்துகிறார், நாங்கள் அறிவோம். அதற்கும் இரண்டு கையெழுத்து.

பெரியம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு இசைவாணியின் பக்கம் திரும்பினாள். "போடட்டா கண்ணு?"

நெல்லிவளவில் இத்தனை வருஷத்தில் வெளியாளிடம் யாரும் ஒரு பேரை ஒப்புக்கொண்டதில்லை. இசைவாணி தலையசைத்தாள். பெரியம்மாள் ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரை எழுதினாள். அடுத்து பாரதி போட்டாள். அபிநயா போகும்போது, "போர்டு மாட்டினது மாட்டினபடி இருக்கணுங்க. சொல்லாமக்கூட வந்து பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணி சுமாருக்கு ரோட்டில் பைக் சத்தம் கேட்டது. இசைவாணி முதலில் பாய்ந்தது போர்டுக்குத்தான். பெரியம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அது இருக்கட்டும். நீ உள்ள போ."

மூட்டைக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் இசைவாணி. பைக் நின்றது. பிறகு அந்தச் சத்தம். விரலைச் சுற்றிவரும் சாவிக்கொத்தின் சத்தம். கொட்டகைக்குள் சீயக்காய் நெடி; தும்மல் மூக்கின் நுனியில் வந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து வந்தேனுங்களே" என்றது தீனதயாளனின் குரல். தேனில் குழைத்த அதே குரல். "அப்டி யாரும் இல்லன்னீங்க. இங்க இசைவாணின்னு போர்டே மாட்டிக்கிதே."

"இன்னிக்குதாங்க மாட்டினோம்" என்றாள் பெரியம்மாள். "கம்பெனில மாட்டச் சொன்னாங்க."

"அப்ப இசைவாணி யாரு?"

"யாரும் இல்லீங்க. அது சீயக்கா பேரு."

சாவி சுற்றுவது நின்றது. உள்ளே இசைவாணியின் தோள்கள் தானாகக் குறுகின. அந்தச் சத்தம் நின்ற பிறகு என்ன வரும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஆனால் வந்தது உலக்கைச் சத்தம். பாரதி இடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"இன்னாது?"

"சீயக்காங்க. செவப்பு லேபிளு இசைவாணி. பச்ச லேபிளு பெரியம்மா, என் பேரு. நான் செத்தாலும் பேரு இருக்கட்டும்னு வெச்சாங்க."

"ரெண்டையும் கலந்து ஒண்ணு போடறோங்க" என்றாள் பாரதி, உலக்கையை நிறுத்தாமல். "அதுக்கு இன்னும் பேரு வெக்கல. உங்க வூட்டம்மா பேரு சொன்னீங்கன்னா வெச்சிடலாம்."

அது பொய்யென்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்துவிட முடியும்? அவன் கொட்டகைப் பக்கம் ஓர் எட்டு வைத்தான். சலித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எழுந்து வாசலில் வந்து நின்றார்கள். "உள்ள தூளு பறக்குதுங்க, கண்ணு எரியும்" என்றாள் ஒருத்தி, மெத்த மரியாதையாக. மரவள்ளிக் கொல்லையில் இருந்த ஆண்கள் ஐந்தாறு பேர் வந்து சும்மா நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்கிற கூட்டத்திடம் சிரித்த முகம் எத்தனை நேரம் தாங்கும்?

"செரிங்க. பொறவு வரேன்" என்றான்.

"வாங்க. எப்ப வந்தாலும் நாங்க இங்கதான் இருப்போம்" என்றாள் பெரியம்மாள்.

பைக் கிளம்பி, வளைவு திரும்பி, சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் இசைவாணி தும்மினாள். ஒன்றல்ல, ஒன்பது தரம். தும்மிக்கொண்டே வெளியே வந்தாள், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது, அதில் எது அழுகை எது சீயக்காய் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் மறுபடி வருவான். அது அவளுக்கு நிச்சயம். பயம் போய்விடவில்லை, போகாது. ஆனால் ஓட வேண்டும் என்று மூன்று நாளாகக் காலுக்குள் குறுகுறுத்த ஒன்று அடங்கியிருந்தது.

போர்டு காற்றில் லேசாக ஆடியது. அதை நேராக்கிவிட்டுப் பெரியம்மாளிடம் வந்தாள்.

"அக்கா, காலைல நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்..."

பெரியம்மாள் முந்தானையால் அவள் முகத்துத் தூளைத் துடைத்துவிட்டாள்.

"நீ சொன்னது செரிதான் கண்ணு. எங்களுக்கு உண்ம பேச வராது" என்று சொல்லிவிட்டு உலக்கையைக் கையில் எடுத்தாள்.